கலந்தாலோசனையும் கல்லூரி ஊழியர் சங்கமும்

சங்கரன்கோவில் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன கோமதியம்மனின் ஆடித்தபசும் புற்றுமண்ணுமாம். அவ்வூரிலேயே குடியிருக்கும் நமக்கோ முதற்கண் நினைவுக்கு வருவது தறியோசை. இரவு உறங்கச் செல்லும்பொழுதும் அவ்வோசை. விடியலில் விழிக்கும்பொழுதும் அவ்வோசை. சில ஆண்டுகளுக்கொருமுறை அது திடீரென நின்றுவிடும். கூலி ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது, புதிய கூலி பேசப்படுகின்றது என்பது அதற்குப் பொருள். விசைத்தறி உரிமையாளர் ஒரு பக்கமும் தொழிலாளர் சங்கத்தார் மறு பக்கமும் அமர, அரசாங்க அதிகாரி நடுவிலிருக்கப் பேச்சு நடக்கும், முறியும், மறுபடியும் கூடும், ஈற்றில் ஒரு தாளில் இரு சாராரும் கையொப்பமிடுவர். ஓசை மீண்டும் எழும். ஊராரும் நிம்மதியாக உறங்குவர்.

இத்தகைய ஓய்வு நாளொன்றில், நம் தெருவிலுள்ள முதிய தறித்தொழிலாளர் ஒருவர் திண்ணையிலிருந்தபடியே நம்மை நோக்கி, "ஏன் சார்வாள், எங்களுக்கு இந்தா சங்கம் இருக்கு, கூலி பேசுதாங்க. ஒங்க காலேசுல எதையாவது மாத்தணும்னா ஒங்ககிட்ட யாரு வந்து பேசுவா?" என்று வினவினார். "எங்களுக்கும் சங்கம் உண்டு, அண்ணாச்சி" என்று மறுமொழி கூறிவிட்டு நாம் நடந்தோம். கூறியது பொய்யன்று. எனினும் அவர் கேட்ட வினாவிற்கு அது விடையுமன்று என்பதைத் தெருமுனை தாண்டுமுன் உணர்ந்தோம். அவ்வினா நெடுநாள் நம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் அதனை எடுத்துப் பேசுவது தகும் என்று துணிந்தோம்.

முதலில் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். நம் வட்டாரக் கல்லூரி ஆசிரியர் பலர் சேர்ந்துள்ள சங்கம் மூட்டா எனச் சுருக்கமாய் வழங்குவது. அதன் முழுப்பெயரை ஒரே மூச்சிற் சொல்லுதல் எளிதன்று. மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், அன்னை தெரசா, அழகப்பா என நான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்களும் அதனுள் அடங்கும். இந்நீளத்திற்குக் காரணம் உண்டு. 1966 இல் மதுரையிற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது தென்மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பின்னர் 1984 இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும், 1985 இல் அழகப்பா பல்கலைக்கழகமும், 1990 இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் தோன்றின. நெல்லைச் சீமைக் கல்லூரிகள் கடைசியிற் கூறிய பல்கலைக்கழகத்தோடு இணைந்தன. பல்கலைக்கழகங்கள் பிரிந்தன, சங்கமோ பிரியாது, புதிய பெயர்களைத் தன் பெயரோடு கோத்துக்கொண்டது. ஆட்சியாளர் வரைந்த எல்லைகளை ஆசிரியர் தம் எல்லையாகக் கொள்ளவில்லை என்பதற்கு அந்நீண்ட பெயரே சான்று. அதனை நகைப்பவர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

இத்தகைய சங்கங்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது பணிப்பாதுகாப்பு. 1976 இல் தனியார் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முற்பட்ட நாட்களில், கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற ஆசிரியர்க்கு, இனி வரவேண்டா என்று அஞ்சலட்டை செல்வதுண்டென முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். இன்று விசாரணை என்றும் மேன்முறையீடு என்றும் வழிகள் உள. அவற்றின் அருமையை நாம் குறைத்துக் கூற மாட்டோம். ஆனால் அவையெல்லாம் தீங்கு நேர்ந்த பின்னர் ஓடிச்சென்று தட்டும் கதவுகள். தறித்தொழிலாளர் கேட்டதோ, முடிவு செய்யுமுன் உம்மிடம் பேசுவார் யார் என்பது.

கலந்தாலோசித்தல் என்னும் சொல் அலுவலகச் சுற்றறிக்கைகளில் அடிபட்டு மிகவும் தேய்ந்துபோன சொல். அது எங்ஙனம் தேய்கின்றது என்பதற்கு நாமே ஒரு சாட்சி. பல்லாண்டுகட்கு முன் நாம் பணியாற்றிய ஒரு கலாசாலையில் (பெயர் வேண்டா) பிற்பகல் வகுப்புகளின் நேரத்தை மாற்ற நிர்வாகத்தார் விரும்பினர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் மூவரை உள்ளே அழைத்தனர். தேநீர் வந்தது, முறுக்கும் வந்தது. சுற்றறிக்கையோ முன்னரே தட்டச்சாகி மேசைமீதிருந்தது. ஊழியர் பிரதிநிதிகளைக் கலந்தாலோசித்து என்று அதன் முதல் வரி தொடங்கிற்று. அப்பிரதிநிதிகள் யாவர் என்று எண்ணும்போதுதான், அவர்கள் நாங்கள் மூவரே என்பது விளங்கிற்று! எங்களை ஒருவரும் தேர்ந்தெடுத்து அனுப்பியதில்லை. எங்களைத் தெரிந்தெடுத்தவர் நிர்வாகத்தாரே. தேநீரைக் குடித்துவிட்டு மூவரும் கையொப்பமிட்டோம்.

அக்கலாசாலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராயிருந்த அம்மையார் ஒருவர், சங்கரன்கோவிலிலிருந்து இன்னும் சில கல் தொலைவு உள்ளே செல்லவேண்டிய சிற்றூரைச் சேர்ந்தவர். ஆய்வுக்கூடம் பூட்டும் நேரம் நாலரை மணியிலிருந்து ஆறு மணியாயிற்று. ஆறு மணிக்குப் புறப்பட்டுச் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தால், அவர் ஊர்ப்பக்கம் செல்லும் கடைசிப் பேருந்து போய்விட்டிருக்கும். சில நாள் தம்பி வந்து அழைத்துச் சென்றான். சில நாள் உறவினர் வீட்டிலே தங்கினார். மூன்றாம் மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். கடைசி வகுப்பு நடத்தும் ஆசிரியரே ஆய்வுக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுக்கலாம் என்னும் யோசனை அதன் பின்னரே பிறந்தது. இன்றும் அவ்வண்ணமே நடந்துவருவதாகக் கேள்வி. முன்னரே ஒருவர் அவ்வம்மையாரைக் கேட்டிருப்பின் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய காரியம்.

கையொப்பமிட்ட மூவரும் கெட்ட எண்ணமுடையவர் அல்லர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஆறுதலில்லை. அவருடைய பேருந்து நேரம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமையும் எங்களுக்கு இல்லாதிருந்தது. ஏனெனில் அவர் எங்களை அனுப்பவில்லை. கூட்டம் முடிந்த பின் அவரிடம் சென்று இன்னது நடந்தது என்று சொல்லவேண்டிய கடமையும் இல்லாதிருந்தது. அனுப்பப்படாதவன் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நிர்வாகம் தானே பொறுக்கியெடுத்த ஊழியருடன் பேசுவது, ஒருவர் கண்ணாடிமுன் நின்று தம்மோடு தாமே பேசுவதற்கு ஒப்பாகும். ஊழியர் தாமே தேர்ந்து அனுப்பிய பிரதிநிதியுடன் பேசுவதே கலந்தாலோசனை, மற்றவை விருந்தோம்பல். சங்கம் ஒன்று வேண்டும் என்று நாம் கூறுவதற்குச் சம்பளத்தினும் முதன்மையான காரணம் இதுவே.

இதுபற்றிச் சட்டம் யாது கூறுகின்றது என்று ஆராய்வோர்க்கு வியப்பு மிகும். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908 இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் பொருட்டு நின்றபோது இந்நாட்டிலே தொழிற்சங்கச் சட்டம் என்பதொன்று இல்லை. அது 1926 இல் வந்தது. பின்னர் 1947 ஆம் ஆண்டின் தொழிற்றகராறுகள் சட்டம், நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் கொண்ட குழு ஒன்றை அமைக்கும்படி ஆணையிட அரசுக்கு அதிகாரம் தந்தது. அக்குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளின் தொகை முதலாளி தரப்பினும் குறையலாகாது. அவர்களைத் தெரிவதிலும் பதிவுபெற்ற சங்கம் இருப்பின் அதனைக் கலந்துகொள்ள வேண்டும். வேலை நேரம் முதலிய நிபந்தனைகளை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்னும் விதியும் அச்சட்டத்திற் பின்னர்ச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்து அம்மையாருக்கு அவ்விருபத்தொரு நாளும் கிடைத்திருந்தால்!

ஆனால் கல்லூரி ஒரு தொழிலகமா என்னும் வினா எழுந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பேருந்து ஓட்டுநர் சிலர் தொடுத்த வழக்கில், பல்கலைக்கழகம் தொழிலகம் ஆகாது என்று 1963 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வியே அங்கு முதன்மை; பேருந்து ஓட்டுவது அதற்கு ஒரு சிறு துணை என்பது அன்றைய நோக்கு. 1978 இல், பெங்களூர்க் குடிநீர் வாரியத்தின் வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி அந்நிலையை மாற்றினர். நீதிபதி கிருஷ்ண ஐயர் வரைந்த முதன்மைத் தீர்ப்பின்படி கல்வி நிலையங்களும் தொழிலகம் என்னும் சொல்லுக்குள் வந்தன. எழுத்தர், ஏவலர், தோட்டக்காரர் முதலியோர்க்கு வழி திறந்தது. ஆசிரியர்க்கோ? கோவாவில் ஒரு கிறிஸ்தவக் கன்னியர் சபை நடத்திய பள்ளியின் ஆசிரியை ஒருவர், தம் பணிநீக்கத்தை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1988 இல் வந்த தீர்ப்பு, பள்ளி தொழிலகமேயானாலும் ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்றது. கல்வி புகட்டுதல் ஓர் உயரிய தொண்டு. அதனைச் சாதாரண உடலுழைப்போடும் எழுத்து வேலையோடும் ஒன்றாக வைத்தெண்ணலாகாது என்பது அதன் கருத்து.

இப்புகழ்ச்சியைக் கேட்டு ஆசிரியர் மகிழ்வதா வருந்துவதா? இவ்விடத்தில் அமெரிக்க நாட்டு வேடிக்கை ஒன்றையும் கூறாதிருக்க இயலவில்லை. நியூயார்க்கிலுள்ள யேஷிவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சங்கம் அமைத்து நிர்வாகத்தோடு பேரம் பேச முனைந்தனர். அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1980 இல், பாடத்திட்டம், மாணவர் சேர்க்கை, நியமனம் ஆகியவற்றில் அப்பேராசிரியரின் கருத்தே மேலோங்கி நிற்கிறது; ஆகவே அவர்களே நிர்வாகத்தின் பகுதியினர்; நிர்வாகத்தினருக்குச் சங்க உரிமை எதற்கு என்று கூறி மறுத்துவிட்டது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். அந்நாட்டில் ஆசிரியர் அதிகாரம் மிக்கவராதலின் சங்க உரிமை இல்லை; இந்நாட்டில் ஆசிரியர் தொண்டு மிக்கவராதலின் தொழிலாளர்க்குரிய மேசை இல்லை. யேஷிவாப் பேராசிரியர்க்காவது நிர்வாகத்தில் ஓரிடம் உண்டென்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. நம்மவர்க்கு அதுவும் இன்று.

இனி நம் போன்ற மிஷன் கல்லூரிகளின் நிலையைச் சிறிது விரித்துப் பேச வேண்டும். வழுக்கல் நிலம் இதுவே. குஜராத்து மாநிலத்தில் 1972 இல் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு கல்லூரியின் ஆட்சிக்குழுவிலும் ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் மூவரும், ஏனைய ஊழியர் சார்பில் ஒருவரும், மாணவர் சார்பில் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அகமதாபாத்துத் தூய சவேரியார் கல்லூரியை நடத்தும் சங்கத்தார், சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 30 ஆம் பிரிவு நமக்கு அளித்துள்ளது. வெளியிலிருந்து ஆட்களைத் திணிக்கலாகாது என்று வழக்காடினர். 1974 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், அவ்விதி சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை நாம் குறை கூற முன்வரவில்லை. சிறுபான்மையோரின் உரிமை பெரும்பான்மையோரின் கைவிசைக்கு ஏற்ப ஆடலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அத்தீர்ப்பு கூறியது யாது? அரசு கட்டாயப்படுத்தலாகாது என்பது. நிர்வாகத்தார் தாமே விரும்பி ஊழியரின் பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொள்ளலாகாது என்று எந்த நீதிபதியும் கூறவில்லை. பிறர் கட்டாயப்படுத்தினால் மறுக்கும் உரிமை பெற்றவர்கள், கட்டாயமின்றித் தாமே செய்யும் பெருமையையும் உடன்பெற்றார்கள். இவ்வரை நூற்றாண்டில் அப்பெருமையைத் தேடிக்கொண்ட நிர்வாகங்கள் எத்தனை என்று நம் பழைய மாணவர்கள், அவர்களிற் சிலர் இன்று ஆட்சிக்குழுக்களிலே இருப்பவராதலின், எண்ணிப் பார்க்கட்டும்.

2020 ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 51 விழுக்காட்டுத் தொழிலாளரைக் கொண்ட சங்கமே பேச்சு நடத்தும் சங்கம் என்றும், அத்தகைய சங்கம் இல்லாதவிடத்துச் சங்கங்களின் பேச்சுக்குழு அமையும் என்றும் அது வகுத்துள்ளது. இருபது பேர் உள்ள இடத்திலேயே குறைதீர்க்கும் குழு வேண்டும் என்பது அதன் நல்ல அம்சம். ஆனால் பத்திரிகையாளரையும் விற்பனை வளர்ச்சி ஊழியரையும் பெயர் சொல்லித் தொழிலாளர் வரிசையிற் சேர்த்த அச்சட்டம் ஆசிரியரைச் சேர்க்கவில்லை. அன்றியும், அறப்பணியிலும் சமூகத்தொண்டிலும் முழுமையாகவோ பெரும்பாலுமோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் தொழிலகம் ஆகா என்று ஒரு விலக்கையும் வைத்துள்ளது. நாங்கள் அறப்பணியன்றோ செய்கிறோம் என்று நாளை ஒரு மிஷன் நிர்வாகம் அவ்விலக்கின் நிழலில் ஒதுங்குமாயின், எழுத்தரும் ஏவலரும் 1978 இல் பெற்றதையும் இழக்க நேரலாம். அந்நிழலில் ஒதுங்குவது நமக்கு அழகாகாது. துப்புரவுப் பணியாளரின் கூலியைப் பேச மறுப்பதற்கு அறம் என்னும் சொல்லை எடுத்தாளுதல் அச்சொல்லுக்கே இழுக்கு.

சங்கம் என்றவுடன் வேலைநிறுத்தம், கோஷம், வகுப்பிழப்பு என்று அஞ்சுவோர் உளர். மாணவரின் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. நாமும் ஒரு பெற்றோரே. ஆனால் வேலைநிறுத்தம் பெரும்பாலும் பேச்சு நடவாத இடத்தில் முளைக்கின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைவு கூர்க. 1929 இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியாரால் நிறுவப்பட்ட அப்பெருநிலையத்தில், 2012 ஆம் ஆண்டின் இறுதியில் பணமுடை என்று கூறி, ஊதியத்தைக் குறைக்கவும் ஆட்களைக் குறைக்கவும் நிர்வாகம் முனைந்தது. ஊழியர் வீதிக்கு வந்தனர், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 2013 இல் அரசு ஆட்சியாளர் ஒருவரை நியமித்து, பின்னர்ச் சட்டமியற்றி அதனைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. மிகையான ஊழியர் பலர் மாநிலமெங்குமுள்ள கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் சிதறி அனுப்பப்பட்டனர். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் ஊழியர் பிரதிநிதிகள்முன் விரித்துவைத்துப் பேசும் வழக்கம் அங்கு முன்னரே இருந்திருப்பின், நோய் முற்றுமுன் அறிகுறி தெரிந்திருக்கும் என்பது நம் கருத்து.

அண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. 2025 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்திற்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. ஏற்கெனவே நடந்துவரும் கல்லூரிகள், அரசு உதவி பெறுவன உட்பட, தனியார் பல்கலைக்கழகங்களாக உருமாற அது வழிசெய்யும் என்று ஆசிரியர் சங்கங்களும் பல கட்சியினரும் எதிர்த்தனர். உதவிபெறும் இடங்களில் பணிபுரிவோர் நிலை என்னாகும், எளிய வீட்டுப் பிள்ளைகளின் கட்டணம் என்னாகும் என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். அம்மாதம் முடியுமுன்னரே அரசு அதனை மீளாய்வு செய்வதாக அறிவித்துப் பின்வாங்கியது. பின்வாங்கியமை பாராட்டத்தக்கதே. ஆனால் நிறைவேற்றிய பின் கேட்ட அதே வினாக்களை, வரைவு நிலையிலேயே சங்கங்களை அழைத்துக் கேட்டிருந்தால் மன்றத்தின் நேரமும் மானமும் மிஞ்சியிருக்கும்.

ஆங்கில நாட்டார் இதில் நமக்குச் சிறிது முந்தியவர். ஆயினும் அவர்களும் அடிபட்டே கற்கின்றனர். அங்கு 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொண்ணூறு நாளுக்குள் ஒரே நிறுவனத்தில் இருபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டவரை ஆட்குறைப்புச் செய்ய எண்ணும் நிர்வாகம், அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு கலந்து பேசியே தீர வேண்டும். அப்பேச்சும் உடன்பாடு காணும் நோக்கத்தோடு நடத்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல. இருந்தும் அங்குள்ள பழைய பல்கலைக்கழகங்களின் ஓய்வூதிய நிதியில் குறை நேர்ந்ததென்று கூறி உறுதி செய்யப்பட்ட ஓய்வூதியத்தை எடுத்துவிட முயன்றபோது, 2018 இன் தொடக்கத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் பதினான்கு நாள் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதன் பின் இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் நிபுணரை நியமித்து நிதியின் கணக்கை ஆராயச் செய்தனர். 2022 இல் மறுபடியும் ஓய்வூதியம் குறைக்கப்பட்டது, மறுபடியும் போராட்டம், 2024 ஏப்ரலில் குறைத்தது திருப்பித் தரப்பட்டது. சங்கம் இருந்தமையாற் போராட்டம் மூண்டது என்று சிலர் கூறலாம். கணக்கைப் படிக்கத் தெரிந்த சங்கம் இருந்தமையால், கணக்கே விவாதப் பொருளாயிற்று என்போம் நாம்.

இதுகாறும் நிர்வாகத்தாரை நோக்கியே பேசினோம். சங்கத்தாரிடமும் நமக்குக் கணக்கு உண்டு. நம் கல்லூரிகளில் இன்று இரு குலங்கள் உள. அரசு உதவியில் ஊதியம் பெறுவோர் ஒரு குலம். சுயநிதிப் பிரிவில் மாணவர் கட்டணத்தில் ஊதியம் பெறுவோர் மற்றொரு குலம். ஒரே கட்டடம், ஒரே கரும்பலகை, ஒரே பாடத்திட்டம். ஊதியமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பல்கலைக்கழக மானியக் குழு 2019 இல், தகுதியுள்ள வருகைதரு ஆசிரியர்க்கு வகுப்பொன்றுக்கு 1,500 ரூபாய் வரையும், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்படாமலும் வழங்கலாம் என்று வகுத்தது. அதிற் பாதியும் காணாத ஆசிரியர் நம் அறிமுகத்திலேயே உளர். சங்கக் கூட்டங்களில் ஊதியக் குழு நிலுவை பற்றி மூன்று மணி நேரம் பேசுவோர், அடுத்த அறையில் இருக்கும் இவ்விளைஞரைப் பற்றி ஈற்றில் ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். அத்தகைய கூட்டங்களில் நாமும் கை தட்டியிருக்கிறோம். எழுத்தரும் ஏவலரும் தனிச் சங்கம், ஆசிரியர் தனிச் சங்கம் என்று பிரிந்து நிற்பதும் நிர்வாகத்தார்க்கு வசதியாகவே முடிகிறது. ஆய்வுக்கூடத்து அம்மையார் எந்தச் சங்கத்திலும் இல்லை. எந்தச் சங்கமும் அவரைத் தேடியதுமில்லை. தறித்தெருவில் அச்சு பிணைப்பவரும் தார் சுற்றும் பெண்டிரும் கூலிப்பேச்சில் ஓரிடம் கேட்பர். படித்த நமக்கு அவ்வறிவு வரவில்லை.

ஆகலின் நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. நம் கல்லூரி ஆட்சிக்குழுவினர், எந்தச் சட்டத்தின் கட்டாயமுமின்றி, ஊழியர் ஆலோசனைக் குழு ஒன்றை ஏற்படுத்துக. உதவிபெறும் பிரிவு ஆசிரியர், சுயநிதிப் பிரிவு ஆசிரியர், அலுவலகத்தார், ஏவலரும் துப்புரவுப் பணியாளரும் ஆகிய நாற்பிரிவினரும் இரகசிய வாக்கால் தத்தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தனுப்புக. சங்கம் உள்ள பிரிவில் சங்கமே அத்தேர்தலை நடத்துக. வேலை நேரம், பணிச்சுமை, கட்டாய விடுப்பு, பிரிவுகளை மூடுதல் முதலிய எம்மாற்றமும் வரைவாக 21 நாள் முன்னர் அவர்கள் கைக்கு வருக. அவர்கள் எழுத்தில் தரும் கருத்துக்கு நிர்வாகம் எழுத்திலேயே மறுமொழி தருக. ஏற்காவிடில் ஏன் ஏற்கவில்லை என்பதும் அதில் இருத்தல் வேண்டும். முடிவு செய்யும் அதிகாரம் ஆட்சிக்குழுவினரிடமே இருக்கட்டும். அதனை நாம் கேட்கவில்லை. ஆண்டுக்கொருமுறை சுயநிதிப் பிரிவின் வரவு செலவை அக்குழுவின் முன் வைத்தலும் வேண்டும். இதில் மறைக்கத்தக்கது யாதுமிராது என்றே நம்புகிறோம்.

ஒரே குடும்பம்போல் வாழும் இடத்தில் இவையெல்லாம் எதற்கு என்று சில பெரியோர் கேட்பர். நல்ல வினாவே. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் எல்லார்க்கும் சேர்த்து முடிவு செய்த காலத்தில், மருமகளின் பேருந்து நேரம் அவர்க்கும் தெரியாதிருந்தது என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுவோம்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் நம் நண்பராகிய சுயநிதிப் பிரிவு இளம் ஆசிரியர் ஒருவரிடம் படித்துக் காட்டினோம். அவர் வாழும் வகையைப் பற்றி ஒரு பகுதி எழுதியிருந்தோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "எல்லாம் சரிதான், ஐயா. என்னைப் பற்றிய பகுதியை மாத்திரம் எடுத்துவிடுங்கள், வருகிற ஜூனில் எனக்கு நியமனம் புதுப்பிக்க வேண்டும்" என்றார். எடுத்துவிட்டோம்.